கருப்புக் கோட்டும் கைக்குழியும்

கோட்டின் கைக்குழி சிறியதாக இருந்தால்தான் கை தாராளமாக உயரும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. அக்குளில் பிடிக்கிறதே, ஓர் அங்குலம் இறக்கி வெட்டினால் சுகமாக இருக்குமே என்கிறார்கள். இறக்கி வெட்டினால் கைத்துணியும் உடம்புத்துணியும் சேரும் இடம் அக்குளை விட்டு விலாவுக்கு வந்துவிடும். அதன்பிறகு கையைத் தூக்கும்போதெல்லாம் விலாப்பக்கத் துணி மொத்தமும் கூடவே மேலேறும், காலர் கழுத்தை விட்டு எழும், முன்பக்கம் வாய் பிளக்கும். குழி அக்குளை ஒட்டி நின்றால் கை மட்டும் உயரும். கோட் இருந்த இடத்தில் இருக்கும். மதுரை ஒத்தக்கடை நிறுத்தத்தில் நிற்கும் வழக்கறிஞர்களைக் கவனித்தால் போதும். பேருந்துக் கம்பியைப் பிடிக்கக் கை நீளும்போதே எந்தக் கோட் எந்த மாதிரிக் கையால் வெட்டப்பட்டது என்று தெரிந்துவிடும்.

ஜாக்கெட் தைக்கிற பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கைக்குழி இறங்கிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண்ணால் கொடியில் துணி காயப்போட முடியாது. தைத்த மறுநாளே திரும்பக் கொண்டுவந்து கொடுத்துவிடுவாள். எங்கள் திருவாதவூரிலும் சுற்றுப்பட்டிலும் வீட்டுத் திண்ணையில் மிஷின் போட்டுத் தைக்கிற பெண்கள் எல்லோருக்கும் இது கைப்பாடம். அந்தக் கைப்பாடம் கோட்டுக்கும் பொருந்தும் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. தெரியாமல் இருந்ததற்குக் காரணம் துணியில் இல்லை. தொழில் பிரிக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் தையல் மிஷின் பெண்ணுக்குக் கொடுக்கப்படுகிற பொருள். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசு இலவசத் தையல் இயந்திரம் தருகிறது; கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் பெறுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தைக்கிறார்கள். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையலுக்கு லோயர், ஹையர் என்று இரண்டு படிகள் உண்டு. நான் இரண்டையும் முடித்தவள். ஐ.டி.ஐ.யிலும் தையல் ஒரு பிரிவு. அங்கே சேர்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இவற்றால் எத்தனையோ வீடுகளில் உலை கொதித்திருக்கிறது. இவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் இந்த வழியில் வந்த ஒருத்தி ஜாக்கெட், பாவாடை, சுடிதார், சீருடை என்ற எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகிறாள். 'ஜென்ட்ஸ் டெய்லர்' என்று பலகை மாட்டிய கடைக்குள் அவளுக்கு இடம் கிடையாது. அந்தக் கடையின் சட்டைகளுக்குக் காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, பேண்ட்டுக்கு எம்மிங் அடிப்பது ஆகிய வேலைகள் மட்டும் கட்டாகக் கட்டப்பட்டு அவள் வீட்டுக்கு வரும். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி.

ஆண்களின் பாதை வேறு. பையனாகக் கடைக்குள் நுழைந்து காஜா எடுப்பான். பிறகு மிஷினில் உட்கார்ந்து பை, பட்டி, கஃப் என்று உதிரிகளைத் தைப்பான். முழு பேண்ட், முழுச் சட்டை, அதன்பிறகு என்றாவது ஒருநாள் கத்தரி. கத்தரி பிடித்தவனுக்கு மாஸ்டர் என்று பெயர். கோட் வெட்டத் தெரிந்தவர் மாஸ்டர்களுக்குள் மாஸ்டர். எத்தனை வருடம் காஜா எடுத்தாலும் ஒரு பெண்ணுக்கு அந்த வரிசை நகராது. இப்போதோ பையன்களே அந்தக் கடைகளுக்கு வருவதில்லை. ஆயத்த ஆடை வந்தபின் சட்டை தைக்கக் கொடுப்போர் குறைந்தார்கள், மாஸ்டர்களுக்கு வயதாகிவிட்டது. கோட் வெட்டும் கை அடுத்த தலைமுறைக்குப் போகாமல் நிற்கிறது. பத்தடி தள்ளி, உடம்பை அளந்து வெட்டத் தெரிந்த பெண்கள் காஜாவுக்குக் காத்திருக்கிறார்கள்.

எனக்குக் கோட் சொல்லிக்கொடுக்கிறவர் புது மண்டபத்தில் தொழில் பழகியவர். பாய் என்றுதான் எல்லோரையும்போல நானும் கூப்பிடுகிறேன். மீனாட்சி கோயில் கீழைக்கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தின் தூண்களுக்கு இடையில் தலைமுறை தலைமுறையாகத் தையல் மிஷின்கள் ஓடின. நாயக்க மன்னர்கள் கல்லாகக் கைகூப்பி நிற்க, அவர்கள் காலடியில் பாவாடையும் தலையணை உறையும் சாமிக்குத் தொம்பையும் தைக்கப்பட்டன. சில ஆண்டுகளுக்கு முன் மண்டபத்தைக் காலிசெய்து கடைகளைப் பக்கத்திலிருக்கும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். மண்டபத்தில் தைத்தவர்களில் முஸ்லிம்கள் பலர். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வேடம் போட்டுத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் சல்லடமும் தலைப்பாகையும் அவர்கள் கையிலிருந்து வந்தவை.

சல்லடத்தைத் திருவிழாச் சாமான் என்று ஒதுக்கிவிட்டு ஆண்களுடைத் தையலைப் பற்றிப் பேச மதுரையில் இடமில்லை. முழங்கால்வரை வரும் கால்சட்டை அது. சரிகையும் ஜிகினாவும் சேர்த்து கனமாக இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு மனிதர் நாளெல்லாம் நடப்பார், ஆடுவார், குனிந்து துருத்தியில் நீர் நிரப்புவார், நிமிர்ந்து பீய்ச்சுவார். கவுட்டி சரியாக விழாத சல்லடம் வைகைக்கு வந்துசேரும் முன்பே கிழிந்துவிடும். ஆடப்போகிற உடம்புக்குத் துணி எங்கே இடம்விட வேண்டும் என்ற கணக்கைப் பாய் அதில்தான் படித்திருக்கிறார். "நிக்கிற ஆளுக்குத் தைக்காத தாயி. நிக்கிறதுக்குப் போர்வை போதும்" என்பார். வழக்கறிஞரின் பேண்ட்டுக்கும் அதையே செய்கிறார். உட்கார்ந்து எழுந்து உட்கார்கிற தொழில் என்பதால் பின்பக்கத் துண்டின் சாய்வைக் கூட்டி வெட்டுகிறார்.

திருவாதவூரில் இருந்துகொண்டு கோட் பழகுவதற்கு நியாயம் தந்தது உயர் நீதிமன்றம்தான். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று மேலூர்ச் சாலையில் திறக்கப்பட்டது. நிலத்தின் விலை ஏறியதையும் ஜெராக்ஸ் கடைகள் முளைத்ததையும் எல்லோரும் பேசுகிறார்கள். கூடவே இந்தச் சாலைக்கு ஆயிரக்கணக்கில் கருப்புக் கோட் வந்தது. இந்திய பார் கவுன்சில் விதிப்படி கோடையில் கருப்புக் கோட் கட்டாயமில்லை. உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் அந்த விலக்கு கிடையாது. ஆகவே பங்குனி வெயிலில் யானைமலைப் பாறை தகிக்கும்போதும் அங்கே கோட் போட்டே ஆகவேண்டும். மதுரை வெயிலைத் தாங்கும் கருப்புக் கோட் என்பது லண்டன் புத்தகங்களில் இல்லாத கணக்கு.

பாய் முதலில் செய்யச் சொன்னது தைப்பதை அல்ல, பிரிப்பதை. இரண்டு பழைய கோட்டுகளை என் முன்னால் வைத்தார். ஒன்று கடையில் வாங்கியது, நெஞ்சுப் பகுதியில் கொப்புளம் கொப்புளமாகத் துணி எழும்பியிருந்தது. மற்றது அவருடைய குரு காலத்துக் கோட். நிறம் வெளிறியிருந்தது, வடிவம் மட்டும் குலையவில்லை. லைனிங்கை நூல் நூலாக அறுத்துத் திறந்தால் இரண்டுக்குமான வித்தியாசம் உடனே தெரிகிறது. கடைக் கோட்டில் முன்பக்கத் துணிக்குப் பின்னால் பசை தடவிய ஃபியூசிங் ஒட்டப்பட்டிருக்கிறது. சுமார் 130, 140 டிகிரி வெப்பமும் முழுப் பரப்புக்கும் ஒரே அழுத்தமும் கிடைத்தால் அது நன்றாகவே பிடிக்கும். பெரிய ஆலைகளில் அதற்கென்று யந்திரம் உண்டு. எங்கேயாவது சூடு குறைந்திருந்தால் வியர்வையிலும் சலவையிலும் அந்த இடம் விட்டுக்கொடுக்கும். கொப்புளம் வந்த கோட்டை எந்த இஸ்திரியாலும் காப்பாற்ற முடியாது.

பழைய கோட்டுக்குள் இருந்தது கேன்வாஸ். துணியோடு ஒட்டாமல், சின்னச் சின்னச் சாய்வுத் தையல்களால் பிடிக்கப்பட்டுத் தனியாக மிதக்கிறது. ஒவ்வொரு தையலும் வெளித்துணியின் ஓரிழையை மட்டும் கிள்ளி எடுத்திருக்கிறது. வெளியே ஊசி பட்ட அடையாளம் கிடையாது. லேப்பல் மடியும் இடத்தில் துணியை விரல்மேல் வளைத்துப் பிடித்துக்கொண்டே தைத்திருக்கிறார்கள். அதனால் அந்த வளைவு தையலுக்குள் தங்கிவிட்டது. தட்டையாக அழுத்தினாலும் கையை எடுத்ததும் லேப்பல் தானாகச் சுருண்டு நெஞ்சின்மேல் படிகிறது. நெஞ்சுப் பகுதியில் இன்னொரு துண்டு, விறைப்பான, கீறினால் சத்தம் போடுகிற துண்டு. குதிரைவால் முடியை ஊடையாகக் கொடுத்து நெய்த துணி அது. வால்முடி எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அந்தத் துணியின் அகலம். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்டு ஆவுடையார்கோயிலில் நின்றுவிட்ட வாதவூரர் பிறந்த ஊரில் உட்கார்ந்து, ஒரு கோட்டின் நெஞ்சுக்குள் குதிரை முடியைத் தொட்டுப் பார்த்தபோது எனக்கு நெடுநேரம் வேலை ஓடவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஆண்களின் கோட்டைப் பற்றி மேல்நாட்டார் எழுதிய நல்ல நூல்கள் உண்டு. ராபர்ட்டோ கப்ரேரா 1983இல் எழுதியது அவற்றில் ஒன்று. படங்களைப் பார்த்தே பாதி வேலையைப் புரிந்துகொள்ளலாம். அந்த நூல்கள் எல்லாம் கம்பளித் துணியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கம்பளி ஆவிக்கு அடங்கும். கைத்துணியின் மேல்வளைவைக் கைக்குழியைவிட ஒன்றரை அங்குலம்கூடக் கூடுதலாக வெட்டி, ஓட்டுத் தையல் போட்டு இழுத்து, இஸ்திரிப் பெட்டியின் ஆவியில் அந்தச் சுருக்கத்தை மறையவைத்துவிடலாம். தோளில் உருண்டையாக ஒரு மேடு வரும், சுருக்கம் ஒன்றுகூடத் தெரியாது. பேண்ட்டின் பின்கால் துண்டையும் அப்படியே சூட்டில் இழுத்து வளைப்பார்கள். தட்டையான துணி கத்தரி படாமல் உடம்பின் உருவத்துக்கு வந்துவிடுகிறது.

ஒத்தக்கடைச் சாலையில் யார் கம்பளி உடுத்துகிறார்கள்? இங்கே பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணிதான். விலை குறைவு, வீட்டில் துவைக்கலாம், கசங்காது. கசங்காத துணி வளையவும் வளையாது. ஆவியை எவ்வளவு பாய்ச்சினாலும் கையின் மேல்வளைவில் போட்ட சுருக்கம் சுருக்கமாகவே நிற்கும். ஆகவே கூடுதல் துணியைக் குறைக்க வேண்டும். குறைத்தால் மேடு தட்டையாகும். உருவத்தை இஸ்திரியிலிருந்து எடுக்க முடியாதபோது கத்தரியிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். டார்ட், பேனல், குறுக்கு நூல் என்று.

கத்தரியில் உருவம் எடுப்பது யாருடைய வித்தை? இரண்டுக்கு இரண்டு ரூபியாவை இம்மி நெகிழ்வில்லாமல், உடம்போடு ஒட்டி, மூச்சுவிட மட்டும் இடம்வைத்து வெட்டுகிறவர்களுடைய வித்தை. கிராஸ் கட், கட்டோரி, பிரின்சஸ் கட் என்று பெயர் வைத்துப் பெண்கள் நாள்தோறும் செய்வது இதைத்தான். ஒரு மார்பு மற்றதைவிடச் சற்றுப் பெரிது, பிள்ளை பெற்றபின் முதுகு அகன்றிருக்கிறது, குடம் சுமந்த பக்கத்து இடுப்பு ஏறியிருக்கிறது. டேப்பைப் பிடித்த கை இவற்றைப் பேசாமல் குறித்துக்கொள்கிறது. லண்டன் தையற்காரர்கள் வாடிக்கையாளரின் வலது தோள் இறங்கியிருப்பதை டி.ஆர்.எஸ். என்று மூன்றெழுத்தில் குறிப்பேட்டில் எழுதுவார்கள். எங்கள் தெருப் பெண்கள் அளவுத் துண்டில் ஒரு புள்ளி வைப்பார்கள். இரண்டும் ஒரே அறிவு. கட்டுக்கட்டாக வழக்குக் கோப்புகளைத் தூக்கி ஒருபக்கம் சாய்ந்த தோளை நான் முதன்முதலாக அளந்தபோது பாய் எதுவும் சொல்லவில்லை. நான் புள்ளி வைத்ததை மட்டும் பார்த்தார். அடுத்த கோட்டுக்கு அளவெடுக்க என்னையே அனுப்பினார்.

கோட் நமக்கு எதற்கு, வெள்ளைக்காரன் விட்டுப்போன மிச்சம்தானே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் மதுரையில் கேட்பதற்கு ஒரு வரலாற்று நியாயம் இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டிலிருந்து காந்தி மேற்சட்டையும் தொப்பியும் இல்லாமல் அரையாடையோடு வெளியே வந்தார். அந்நியத் துணியை விடச் சொன்னால் கதர் வாங்க ஏழைக்குக் காசில்லை; அந்தக் கேள்விக்குத் தன் உடம்பாலேயே பதில் சொன்னார். அவர் முன்னால் எவரும் தலைவணங்கத்தான் வேண்டும். அதே காந்தி 1924இல் இயந்திரங்களைப் பற்றி 'யங் இந்தியா'வில் பேசும்போது சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். கையால் தைத்துத் தைத்து மனைவி சோர்வதைப் பார்க்கப் பொறுக்காமல் சிங்கர் அதைச் செய்தார் என்று அவர் சொன்னார்.

காந்தி சட்டையைக் கழற்றிய தேதியின் பக்கத்திலேயே இன்னொரு தேதியையும் வைக்க வேண்டும். 1930 டிசம்பரில், மதுரைக்கு அடுத்த ராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் அந்தப் பட்டியலைப் பதிந்துவைத்திருக்கிறார். நகை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது. ஆண்கள் கோட், சட்டை, பனியன் போடக் கூடாது. சட்டையைக் கழற்றுவது ஒருவருக்குத் தியாகமாக இருந்த அதே நிலத்தில், ஒன்பதே வருடம் கழித்து, சட்டை போடுவது இன்னொருவருக்குக் குற்றமாக இருந்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் எல்லோரும் அறிந்த கோட் எது என்று கேட்டால், கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் அம்பேத்கர் சிலையின் நீலக் கோட்டைத்தான் காட்டுவார்கள். அதை வெள்ளைக்காரன் மிச்சம் என்று சொல்லிவிட முடியுமா? முதல் தலைமுறையாக வக்கீலுக்குப் படித்த ஒரு பையன் தோள் சரியாக உட்காராத வாடகைக் கோட்டில் நீதிபதி முன்னால் நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுப்பதில்லை. அவனுக்கு அளவெடுத்துத் தைத்த கோட் கிடைக்க வேண்டும். அவன் கையிலிருக்கும் காசுக்குள் கிடைக்க வேண்டும். இந்த வேலையில் எனக்கு இருக்கும் வேகத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்.

பெண்கள் கோட் வெட்டக் கூடாது என்பது எங்கள் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. ஆண்களுடைத் தையலின் தலைமைப்பீடமாகச் சொல்லப்படும் லண்டன் சாவில் ரோவில் ஹென்றி பூல் கடை 1846இலேயே வந்துவிட்டது. அந்தத் தெருவின் கடைகளில் தலைமைக் கட்டராக ஒரு பெண், கேத்ரின் சார்ஜென்ட், கீவ்ஸ் அண்ட் ஹாக்ஸில் உட்கார இந்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. அவர் தன் சொந்தப் பெயரில் அங்கே கடை திறந்தது 2016இல். அதற்கு முன்பும் அந்தத் தெருவில் பெண்கள் இருந்தார்கள். காஜா எடுத்துக்கொண்டும் எம்மிங் அடித்துக்கொண்டும்.

ஐ.டி.ஐ.யிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் ஹையர் முடித்த பெண்களுக்குக் கோட்டை ஒரு தனிப் பாடமாக வைக்கலாம். புது மிஷின்கூட வேண்டாம், இருக்கிற மிஷின் போதும். வேண்டியது நல்ல இஸ்திரிப் பெட்டி, ஒரு தோள் மேசை, பிரித்துப் பார்க்கப் பழைய கோட்டுகள், சொல்லிக்கொடுக்க ஒரு மாஸ்டர். மாஸ்டர்கள் மதுரையில் இன்னும் இருக்கிறார்கள். கண் மங்குவதற்குள் அவர்களைக் கூப்பிட வேண்டும். தினக்கூலியாகக் கூப்பிடாமல் ஆசிரியராகக் கூப்பிட வேண்டும்.

இப்போது மேசைமேல் இருப்பது ஒரு பெண் வழக்கறிஞரின் கோட். கிளை நீதிமன்றத்தில் பெண்கள் நிறையப்பேர் வாதாடுகிறார்கள். அவர்களுக்குக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஆண் கோட்டையே சின்னதாக்கியதுதான். மார்பில் இறுகும், இடுப்பில் தொங்கும், புடவையின் தோள்மடிப்பு கைக்குழிக்குள் சுருண்டுகொள்ளும். வெயிலுக்காக லைனிங்கை முதுகில் பாதியோடு நிறுத்தியிருக்கிறோம். கேன்வாஸை நெஞ்சு வரைக்கும் மட்டும் வைத்திருக்கிறோம். பிரச்சினை டார்ட். இடுப்பிலிருந்து நேராக மேலேறி மார்புக்குக் கீழே முடியட்டும், கோட் கோட்டாக இருக்கும் என்பது பாயின் கட்சி. கைக்குழியிலிருந்து பிரின்சஸ் கட்டாக இறக்க வேண்டும், அப்போதுதான் மார்பு நிறையும், கை தூக்கினாலும் முன்பக்கம் பிளக்காது என்பது என் கட்சி. அப்படி வெட்டினால் லேப்பல் அந்தத் தையல்மேல் வந்து தடுக்கும் என்கிறார். தடுக்கத்தான் செய்யும், லேப்பலை அரை அங்குலம் ஒடுக்கினால் தப்பிக்கலாம்.

"சரி, மல்லுத் துணியில ரெண்டையும் வெட்டு. ஒண்ணு உன்னது, ஒண்ணு என்னது. அந்தப் புள்ளைய வரச்சொல்லு, போட்டுக் கையத் தூக்கச் சொல்லிப் பாப்போம்" என்றார். அந்த வழக்கறிஞர் வியாழக்கிழமை கோர்ட் முடிந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். என் பக்கத்து முன்துண்டை வெட்டிவிட்டேன். கைக்குழியைக் கால் அங்குலம் ஏற்றியே வைத்திருக்கிறேன்.